பழகுமண் பள்ளிக்கூடம்

ஓர் அரசுப் பள்ளிக்கூடத்தில் முதலில் கட்டி முடிக்கப்படுவது கல்வெட்டு. திறந்து வைத்தவர், தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர், வரவேற்றவர், நன்றி நவின்றவர் என்று பதினெட்டுப் பேர் பளிங்கில் ஏறிய பிறகுதான் அஸ்திவாரத்துக்கு மண்வெட்டியைத் தேடுவார்கள். புங்கம்பாளையம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியிலும் அப்படித்தான். கல்வெட்டு வந்து ஏழு மாதம் கழித்துத்தான் கட்டடம் வந்தது. அதுவும் இருபத்திரண்டு லாரிகளில், சாம்பல் நிறப் பொடி மண்ணாக.

அரசாணையில் அதன் பெயர் ‘கற்றலையும் சமூகத்தையும் ஒருங்கே தாங்கும் தகவமைப்பு உயிரிக் கட்டுமானம்’. இதை ஒரே மூச்சில் சொல்லத் தெரிந்தவர் அதை எழுதிய செயலர் ஒருவர்தான். அவரையும் மீன்வளத் துறைக்கு மாற்றிவிட்டார்கள். ஊர்க்காரர்கள் பழகுமண் என்றார்கள். இரண்டு நாளில் அரசுக் கடிதங்களிலும் பழகுமண் என்றே வரத் தொடங்கியது.

லாரிகளோடு வந்தவன் ஜெபஸ்டின். நாகர்கோவில் பக்கத்துப் பையன், பொறியாளர், இருபத்தெட்டு வயது. அவனை வரவேற்க ஒன்றியச் சேர்மன் கிட்டுசாமி வெள்ளை வேட்டியில், ஏழெட்டு வெள்ளை வேட்டிகள் புடைசூழ வந்திருந்தார்.

“பிளான் எங்கீங்க தம்பி?”

“பிளானே கெடையாது சார். இது உள்ள இருக்கிற ஆளுங்களைப் பாத்துத் தானாப் பழகிக்கிடும். தண்ணி கலந்த நாள்ல இருந்து நாப்பது நாள் ஈரமா இருக்கும். யாரு எங்க உக்காருதாங்க, எந்தப் பக்கம் ஓடுதாங்க, எங்க கூடிப் பேசுதாங்கன்னு சூட்டையும் பாரத்தையும் சத்தத்தையும் வச்சுக் கண்டுபிடிக்கும். உக்காந்த எடம் இருக்கை ஆகும். போற பக்கம் வழி விடும். யாரும் போகாத எடம் மூடிக்கிடும். நாப்பதாம் நாள் பகல் பதினோரு மணிக்குக் கல்லா இறுகிரும். பெறகு அறுபது வருஷத்துக்கு அசையாது.”

“அப்பப் பள்ளிக்கூடம்னா என்னன்னு அதுக்குத் தெரியாதுங்களா?”

“தெரியாது சார். உள்ள என்ன நடக்குதோ அதுதான் பள்ளிக்கூடம்னு நெனைச்சுக்கிடும். அதனால மொத நாள்ல இருந்தே பிள்ளைங்க உள்ள இருக்கணும்.”

கிட்டுசாமி சிரித்தார். பக்கத்து வேட்டிகளும் சிரித்தன.

“தம்பி ஊருக்குப் புதுசு. ரிப்பன் வெட்டாத கட்டடத்துக்குள்ள புள்ளைங்க காலு வெச்சா, அப்புறம் அமைச்சர் வந்து எதைத் தொறப்பாருங்க? தொறந்த கட்டடத்தையா?”

“சரி சார், நாளைக்கே ரிப்பன் வெட்டிருவோம்.”

“அமைச்சர் இந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு வர்றாருங்க. அன்னைக்குத்தான் தேதி குடுத்திருக்காங்க. இன்னைக்குத் தண்ணி கலந்தீங்கன்னா...” விரல் விட்டுக் கணக்குப் போட்டார். “கரெக்டா நாப்பதாம் நாளுங்க! எல்லாம் நல்லபடியா அமையுது பாருங்க.”

தண்ணீர் கலந்த களியைக் கம்பி வலையின் மேல் பூசி முடித்த அன்று மாலையே முன்வாசலில் சிவப்பு ரிப்பன் கட்டியாகிவிட்டது. அடுத்த ஊரில் இன்னொரு கட்டடம் காத்திருந்ததால் ஜெபஸ்டின் வாரம் ஒருமுறை வந்து பார்ப்பதாகச் சொல்லிப் போனான்.

பிள்ளைகள் கால் வைக்கக் கூடாதே தவிர, பெரியவர்கள் வைக்கலாம். அமைச்சர் எங்கே நிற்பார், பொன்னாடை எந்தப் பக்கத்திலிருந்து வரும், மைக் யார் கையில் இருக்கும் என்பதையெல்லாம் பார்க்காமல் விட முடியுமா? கிட்டுசாமி ரிப்பனுக்கு அடியில் குனிந்து, பக்கவாட்டில் புகுந்து, தினம் காலை பத்து மணிக்கு ஒத்திகை நடத்தினார். அமைச்சராக நடிக்கத் தகுந்த ஆள் ஒன்றியத்திலேயே இல்லாததால் அந்தப் பாரத்தையும் அவரே சுமந்தார். தினம் நாற்பது பேர் வரிசையில் வந்து அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். போட்டோ எடுத்தார்கள். கை தட்டினார்கள். கலைந்தார்கள்.

கட்டடம் கவனமாகக் கற்றுக்கொண்டிருந்தது.

தலைமையாசிரியை கோகிலவாணிக்கு இது இருபத்தாறாம் நாள்தான் தெரிந்தது. அவருடைய அறுபத்து மூன்று பிள்ளைகளும் அப்போது கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். முகூர்த்த நாளில் பள்ளி விடுமுறை. மறுநாள் வாழைக்காய்ப் பொரியல் வாசனையில் வாய்ப்பாடு. இன்னோர் ஆசிரியர் உண்டு. அவர் நான்கு மாதமாக வாக்காளர் பட்டியல் திருத்திக்கொண்டிருந்தார். ஆக ஐந்து வகுப்புக்கும் கோகிலவாணி ஒருவர்தான். இருபத்து நாலு வருட சர்வீஸில் ஒரு பிள்ளையைக்கூடக் கை நீட்டி அடித்ததில்லை. இதை அவரே எல்லாக் கூட்டத்திலும் சொல்வார். ஆசிரியர் பயிற்சி வகுப்புகளில் இரண்டு முறை சொல்வார்.

ஜெபஸ்டின்தான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். வாரம் ஒருமுறை என்று சொல்லிப் போனவன் அன்றுதான் முதல்முறையாக வந்திருந்தான்.

உள்ளே நடுவில் தரை இடுப்பளவு எழும்பி அருமையான மேடையாகியிருந்தது. மேடையின் நடுவே ஒரே ஒரு ஆசனம், கிட்டுசாமியின் பின்பக்க அளவுக்கு மிகச் சரியாக. பொன்னாடைகளைக் குவித்து வைக்கச் சுவரில் ஒரு தட்டு. மேடைக்குப் பின்னால் நாலு படி. போட்டோவில் தலை தெரிவதற்காக எக்கி எக்கி நின்றவர்களுக்காகக் கட்டடமே பரிதாபப்பட்டுப் போட்டுக் கொடுத்தது. ஒருவர் கை தட்டினால் ஒன்பது பேர் தட்டியது போலக் கூரை எதிரொலித்தது. ஐந்து வகுப்பறைகளும் இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஐந்து பொந்துகள். ஒவ்வொன்றிலும் ஒரு சைக்கிளை நிறுத்தலாம், மடக்கி வைத்தால்.

“இது புத்திசாலிக் கட்டடம்தான் டீச்சர்” என்றான் ஜெபஸ்டின். “பாடம் சொல்லிக் குடுத்த வாத்தியார்தான் சரியில்ல.”

“இன்னும் எத்தனை நாளுங்க தம்பி இருக்குது?”

“பதினாலு.”

“பதினாலு நாள்ல இதைப் பள்ளிக்கூடமா மாத்திப்போடலாமுங்களா?”

“பிள்ளைங்க உள்ள இருந்தா மாறும். ஒரு ரூம் கத்துக்கிட்டதை மத்த ரூமுக்கும் தானே எடுத்துட்டுப் போயிரும், அவ்வளவு வேகம். ஆனா உள்ள விடமாட்டாங்களே. இப்படியே இறுகிப்போச்சுன்னா...”

“இறுகிப்போச்சுன்னா அறுபது வருசத்துக்கு எம்புள்ளைங்க மேடைக்குக் கீழ நின்னு கை தட்டோணும்” என்றார் கோகிலவாணி. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு சேர்மன் வீட்டுக்கு நடந்தார்.

கிட்டுசாமி டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏனுங் சேர்மன், ஒத்திகை அமோகமா நடக்குதாமா?”

“ஆமாங் டீச்சர். நீங்க கட்டாயம் வரோணும்.”

“வர்றனுங். ஆனா ஒண்ணு. அமைச்சர் வர்றப்ப ரெண்டு பக்கமும் புள்ளைங்க நின்னு பூப்போட வேண்டாமுங்களா? ஒத்திகையில புள்ளைங்களே இல்லீங்களே. அன்னைக்குன்னு பார்த்து எவனாவது அமைச்சர் மூஞ்சியில கூடையோட வீசிப்போட்டான்னா?”

கிட்டுசாமி டிவியை அணைத்தார்.

“ஆனா ரிப்பனுங் டீச்சர்...”

“ரிப்பன் முன்வாசல்லதானுங்க இருக்குது. புள்ளைங்க பின்பக்கமா வந்துக்கும்.”

“பின்பக்கம் வாசலே இல்லியே.”

“வந்துருமுங்” என்றார் கோகிலவாணி.

வந்தது. அறுபத்து மூன்று பிள்ளைகள் பின்சுவரில் போய் மோதி, ‘வழி விடு, வழி விடு’ என்று கத்தினால் எந்தச் சுவரும் மூன்று நாளில் வழிவிட்டுவிடும். அதுவரை ஜன்னல் மாதிரி ஒரு பள்ளத்தில் ஏறிக் குதித்தார்கள்.

ஒத்திகை அரை மணி நேரம். கிட்டுசாமி அமைச்சராகி நடந்து வருவார், பிள்ளைகள் கடலைச் செடி இலையைப் பூவாக நினைத்துத் தூவுவார்கள். அவர் போனதும் கோகிலவாணி கரும்பலகையை எடுத்து மாட்டுவார். ‘அமைச்சர் வாழ்க’ என்று பத்து முறை முழங்க வேண்டிய தொண்டைகள் மாலை நாலு மணிவரை பெருக்கல் வாய்ப்பாட்டை முழங்கின. கேட்டால், குரல் பயிற்சி.

கட்டடம் முதலில் குழம்பியது. இத்தனை நாள் எல்லாரும் ஒரே ஆளைப் பார்த்து நின்றார்கள். இப்போது ஒருவரும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. பிறகு சமாளித்துக்கொண்டது. மேடையிலிருந்து பிள்ளைகள் சறுக்கியதால் மேடையின் ஒரு பக்கம் சரிவானது. ஆசனத்தில் மூன்று பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து கதைப் புத்தகம் பார்த்ததில் அது பெஞ்சாக நீண்டது. பொந்துகள் அகன்று அறைகளாயின. சத்துணவுக்காரப் பழனாத்தாள் பானையை வைத்த இடத்தில் சுவர் பிள்ளைகளின் கையெட்டும் உயரத்துக்குத் தணிந்தது. மறந்துவிட்ட தண்ணீர் பாட்டிலைக் கொடுக்க வந்த அம்மாக்கள் வெளிச்சுவரோரம் நின்று ஊர் வம்பு பேசியதில், சுவர் வெளியே வளைந்து அவர்களுக்கு நிழலும் திண்டும் கொடுத்தது. மறுநாள் பாட்டிலை மறக்காத பிள்ளைகளின் அம்மாக்களும் வந்தார்கள். ஒருத்தி தன் மகனின் நோட்டைப் பிரித்துப் பார்த்து, “இதென்னங் டீச்சர், இவன் போட்ட கணக்கு எனக்கே புரியுது?” என்றாள். அரசாணையில் ‘சமூகம்’ என்று எழுதியிருந்தது இதைத்தான் என்பது அரசுக்கே தெரியாது.

முப்பத்து மூன்றாம் நாள் கிட்டுசாமிக்கு உறைத்தது.

“டீச்சர், மேடை அமுங்கிப்போச்சுங்களே!”

“அப்படீங்களா? நீங்க ஒசந்துட்டே போறீங்க. மேடை தாழ்ந்தமாதிரி தெரியுது.”

இந்தப் பதிலில் கிட்டுசாமி ஒரு பகல் முழுவதும் மகிழ்ச்சியாக இருந்தார். மறுநாள்தான் மறுபடி உறைத்தது. உடனே இருபது கட்சிக்காரர்களை மேடையில் நாள் முழுக்க உட்காரச் சொல்லி அனுப்பினார். மேடையை மீட்கும் போராட்டம். அவர்கள் முதல் ஒரு மணி நேரம் விறைப்பாக உட்கார்ந்தார்கள். பதினோரு மணிக்குச் சுவரில் சாய்ந்தார்கள். பன்னிரண்டுக்குப் பழனாத்தாளின் சாம்பார் சாதம் வாங்கிச் சாப்பிட்டார்கள். ஒரு மணிக்கு இருபது பேரும் குறட்டை. கட்டடம் தன்னால் முடிந்ததைச் செய்தது: மேடையின் மிச்சப் பகுதி மெத்தை போலக் குழிந்து, தலைக்கு அணையும் கொடுத்தது. இரண்டு நாளில் மேடை போய், பிள்ளைகள் குப்புறப் படுத்துக்கொண்டு படிக்க ஏற்ற இருபது பள்ளங்கள் கிடைத்தன.

இத்தனைக்கும் நடுவில் கோகிலவாணி ஐந்து வகுப்பையும் ஓட்ட வேண்டியிருந்தது. அவசரம். நாள் போய்க்கொண்டிருக்கிறது, கட்டடம் பார்த்துக்கொண்டிருக்கிறது, பாடம் பாடமாக நடந்தாக வேண்டும். மூன்றாம் வகுப்பில் தன்ஷிகா என்று ஒருத்தி இருந்தாள். பேசுவாள். டீச்சர் பேசும்போது பேசுவாள், டீச்சர் பேசாதபோதும் பேசுவாள்.

“டீச்சர், பூரானுக்கு எத்தனை செருப்பு வாங்கோணும்?”

“டீச்சர், இந்தச் செவுரு நேத்தைக்கு இங்க இல்லீங்.”

“டீச்சர், சேர்மன் மாமாவுக்குத் தெனமும் பிறந்தநாளுங்களா?”

வகுப்பு சிரித்தால் அடங்கப் பத்து நிமிடம் ஆகும். கோகிலவாணி அடிக்கிற ஆள் இல்லை. கதவுப்பக்கம் கையைக் காட்டுவார், அவ்வளவுதான். ‘பேசமாட்டேன்னு சொல்லிட்டு உள்ள வா.’ தன்ஷிகா தன்பாட்டுக்குப் போய் வெளியே நிற்பாள். பேசமாட்டேன் என்று சொல்லவும் மாட்டாள். பொய் சொல்லக் கூடாது என்று போன வாரம்தான் பாடம் நடந்திருந்தது.

முப்பத்தெட்டாம் நாள் கிட்டுசாமி போராட்டத்தைக் கைவிட்டார். மேடை இல்லாவிட்டால் என்ன, பேனர் இருக்கிறது. வெளிப்பக்கத்துச் சுவர், வகுப்புக் கதவோரங்கள், தூண்கள் எல்லாவற்றையும் தன் முகம் போட்ட பேனர்களால் மூடினார். கட்டடத்தில் ஓர் அங்குலம்கூட வெளியே தெரியவில்லை.

நாற்பதாம் நாள் பத்தரைக்கு அமைச்சர் வந்தார். கல்யாணத்தில் சாப்பிட்ட களைப்பில் இருந்தார். ரிப்பனை வெட்டினார். பிள்ளைகள் பூவைத் தூவினார்கள், கூடையை வீசவில்லை. உள்ளே போனவர் சரிவில் சறுக்கிக்கொண்டிருந்த இரண்டாம் வகுப்பைப் பார்த்தார், பள்ளங்களில் குப்புறக் கிடந்து படித்த நாலாம் வகுப்பைப் பார்த்தார், பின்வாசல் வழியே வெளித்திண்டில் உட்கார்ந்திருந்த அம்மாக்களைப் பார்த்தார்.

“எங்கய்யா நான் பேசறது? மேடை?”

கிட்டுசாமி கோகிலவாணியைப் பார்த்தார்.

“இல்லீங்கய்யா” என்றார் கோகிலவாணி.

“அப்ப பேச வேண்டாமா?” அமைச்சரின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி வந்தது. “நல்ல கட்டடம்மா இது. யாரு ஐடியா?”

“சேர்மன் ஐயாதானுங்க பிள்ளைங்களை ஒத்திகைக்கு விட்டாரு” என்றார் கோகிலவாணி. அது பொய்யும் இல்லை. கிட்டுசாமிக்குக் கண் கலங்கியது. பொன்னாடை போர்த்தப் பத்துப் பேர் முண்டியடித்ததில் மூன்றாம் வகுப்புக் கதவோரத்துப் பேனர் பொத்தென்று சரிந்தது.

சுவரில் ஒரு மாடம் இருந்தது. நின்ற வாக்கில், தரையிலிருந்து நாலடி உயரத்துக்கு, வழவழவென்று.

“இது என்னய்யா?”

“தலைவர் சிலைக்குங்க” என்றார் கிட்டுசாமி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

“இந்த உயரத்துக்கு எந்தத் தலைவர்யா இருக்காரு?” என்று கேட்டுவிட்டு அமைச்சர் கார் ஏறினார். வேட்டிகளும் பின்னாலேயே போயின.

ஜெபஸ்டின் மாடத்தின் பக்கத்தில் உட்கார்ந்து உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தான். எழுந்து போய் மற்ற நாலு கதவோரத்துப் பேனர்களையும் அவிழ்த்தான். ஒவ்வொரு கதவுக்கும் ஒன்று. ஐந்தும் ஒரே அளவு.

“இதை நான் பாக்கவே இல்லையே டீச்சர். தோள் சாஞ்ச அளவு இருக்கு. ரெண்டு கால் தடம் இருக்கு. ஒரு சின்னப் பிள்ளை இங்க தினமும் மணிக்கணக்குல நின்னிருக்கு.” அவன் கோகிலவாணியைப் பார்க்கவில்லை. “ஒரு ரூம்ல கத்துக்கிட்டதை எல்லா ரூமுக்கும் போட்டிருச்சு. வகுப்புன்னா ஒரு பிள்ளை வெளிய நிக்கணும்னு நெனைச்சிருச்சு.”

கோகிலவாணி குனிந்து அந்தக் கால் தடங்களைத் தொட்டுப் பார்த்தார்.

“இதை இடிச்சுப்போட முடியுங்களா தம்பி?”

ஜெபஸ்டின் விரலை மடக்கிச் சுவரைத் தட்டினான். கல் சத்தம் வந்தது.

“மணி பதினொண்ணு இருவது டீச்சர்.”

இருபத்து நாலு வருடமாக எல்லாக் கூட்டத்திலும் சொன்ன ஒரு வாக்கியத்தைக் கோகிலவாணி மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். அதில் தப்பு ஒன்றும் இல்லை. கை நீட்டியதில்லைதான். கதவுப்பக்கம் காட்டுவதற்கு நீட்டியதைத் தவிர.

அப்போது தன்ஷிகா ஓடி வந்தாள். மாடத்தைப் பார்த்து அவளுக்கு ஆச்சரியமே இல்லை. திரும்பி நின்று, பின்பக்கமாக ஓர் அடி வைத்து உள்ளே போனாள். தோள், முதுகு, குதிகால் எல்லாம் ஒட்டிக்கொண்டன. பத்து நாளாகச் சுவரில் காதை வைத்து நின்ற இடத்தில் ஒரு சின்னத் துளைகூட விழுந்திருந்தது, அறைக்குள் பேசுவது கேட்பதற்கு.

“இது எனக்குங் டீச்சர்” என்றாள். “அஞ்சாப்பு வரைக்கும் எல்லா ரூம்லயும் எனக்கு இருக்குது. வேற யாருக்குமே இல்லீங். நான் எண்ணிட்டேன்.”

“உள்ள வா கண்ணு.”

“பேசமாட்டேன்னு சொல்லோணுங்களா?”

“வேண்டாம். பேசிக்கிட்டே வா.”

தன்ஷிகா யோசித்தாள். துளையில் காதை வைத்துப் பார்த்தாள். உள்ளே மூன்றாம் வகுப்பு கத்திக்கொண்டிருந்தது.

“நாளைக்கு வர்றனுங் டீச்சர்” என்றாள். “இன்னைக்கு இது புதுசுங்.”